ஒரு வார்த்தை கேட்டவர்

ஐப்பசி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியும்வரை பெய்த மழை விட்டிருந்தது. வெயில் வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு கேட்டின் கொண்டியை யாரோ மெதுவாக மூன்று முறை தட்டினார்கள். அந்த கேட்டுக்குப் பூட்டு கிடையாது. எல்லோரும் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள். தட்டிவிட்டு வெளியில் நிற்கிறவர் எங்கள் நகரில் ஒருவர்தான்.

"வாங்க பாய்" என்றேன்.

"வரலாமா சார்?"

"வாங்கன்னுதானே சொல்றேன்."

"செருப்ப இங்க வுடட்டுமா?"

விட்டார். உட்காரட்டுமா என்று கேட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியிடம் குடிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுக் குடித்தார். பிறகு, தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, தன் சொந்த மனையில், பஞ்சாயத்து அனுமதி கையில் இருக்கும்போது, ஒரு கட்டடம் கட்ட எனக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. பதினெட்டு வருடப் பழக்கத்தில் நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாய் என்றே கூப்பிட்டோம். இப்போது காகிதத்தில் மட்டும் பெயர் சொல்வானேன்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி மனை பிரித்து விற்ற இடம் எங்கள் நகர். முப்பத்துநான்கு வீடுகள். காலையில் வாசற்படியைத் துடைத்தால் துணியில் இரும்புத்தூள் மின்னும். நான் ஓர் உருக்காலையின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் மூன்று ஷிப்டுக்கும் ஆள் எண்ணியவன். ஓய்வுபெற்ற பிறகு எண்ண ஆளில்லாமல் லாரி, நாய், மின்வெட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். நகருக்குள் நுழையும் முனையில் பாயின் கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவார். பழவேற்காட்டுப் பக்கம் பிறந்தவர். மெலிந்த உடம்பு, விரல்களில் எப்போதும் வார்னிஷ் வாசனை.

"உங்க எடம், உங்க பட்டா. என்ன எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

"இருந்தாலும் ஒரு வார்த்த கேட்டுக்கினா யாருக்கும் மனசு கஷ்டம் வராது பாருங்க."

இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்ட தடவைகளை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டேன்.

தன் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த பக்கத்து வீட்டு முருங்கைக் கிளையை ஒடிக்கக் கேட்பார். தன் கடை வாசலில் தன் வண்டியை நிறுத்த எதிர்க்கடைக்காரரைக் கேட்பார். வெல்டிங் போட்டால் நகரில் வோல்டேஜ் இறங்குமென்று, போடுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் யாராவது மிக்ஸி ஓட்டுகிறார்களா என்று கேட்பார். கடைப் படியில் படுத்திருக்கும் நாயிடம், "கொஞ்சம் நவுந்துக்கிறியாப்பா?" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். நாய் நகரவில்லை. அவர் தாண்டிப் போனார்.

டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார்: "பாய், டீ ரெடி. குடிக்கலாமான்னு டீயக் கேட்டுக்கினு குடிங்க."

"கேட்டா இன்னா, சூடா இருந்தா அதுவே சொல்லிடும்" என்பார் பாய். அவருக்கும் சிரிக்கத் தெரியும்.

எங்கள் போர் மோட்டார் எரிந்தபோது, அதைத் திறக்கலாமா என்று ஒரு தரம், பழைய கம்பியை அறுக்கலாமா என்று ஒரு தரம், புதிதாகக் கட்டலாமா என்று ஒரு தரம் வீட்டுக்கு வந்து கேட்டார். மூன்றாவது தரம் என் மனைவி உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள்: "பாய், மோட்டாரு உங்களுது, ஊடு உங்களுது, எங்க ஊட்டுக்காரரையும் கூட்டிக்கினு போயி நீங்களே வச்சுக்கோங்க. தண்ணி மட்டும் வந்தா போதும்!"

அந்தக் காலத்தில் இது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. எனக்கு முதல்முறையாகச் சிரிப்பு வராமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை.

எங்கள் நகர்ச் சங்கத் தலைவருக்குச் சொந்தமாக ஐந்து தண்ணீர் லாரிகள். அவற்றின் பம்பு மோட்டார்கள் பாயிடம்தான் வரும். அன்று பகல் பன்னிரண்டே முக்காலுக்கு தலைவர் கடையில் உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பாய் கையைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல் கேட்டார்.

"நைனா, தொழுதுட்டு வந்து முடிச்சித் தரட்டுமா?"

தலைவர் போனைப் பார்த்துக்கொண்டே விளையாட்டாகச் சொன்னார்: "வாணாம் பாய். முடிச்சிட்டுப் போ."

பாய் மறுபடி உட்கார்ந்து கம்பியை எடுத்துவிட்டார்.

தலைவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "யோவ், சும்மா சொன்னேன்யா. போய்ட்டு வா" என்று சிரித்தார். பாயும் சிரித்து எழுந்து போனார். ஆனால் அவர் உட்கார்ந்ததற்கும் எழுந்ததற்கும் இடையில் தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு சுவிட்சைத் தற்செயலாகத் தட்டியவன், எங்கோ விளக்கு அணைந்ததைக் கண்டு திரும்பப் பார்ப்பானே, அப்படி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது சமுதாயக் கூடம். தொழிற்பேட்டையைச் சுற்றி லைன் வீடுகளில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஒரே அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. அவர்களுக்கு நிக்காஹ் வைக்க, பிள்ளைகளுக்கு மாலை ட்யூஷன் நடத்த ஒரு கூடம். பள்ளிவாசல் பழைய ஊருக்குள் இருக்கிறது. தொழுகைக்கு அதுவே போதும் என்றார் பாய். கூடத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதற்காகத்தான் மற்றதெல்லாம் என்பது எனக்குத் தெரியும்.

அவர் மனைவி இறந்தது அதற்கு முந்தைய கார்த்திகையில். அவர்கள் குடியிருந்தது வாடகை வீட்டின் மாடி. வீட்டுக்கார அம்மா நல்லவர். பாயின் மனைவி படுக்கையில் கிடந்த நாளெல்லாம் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஆனால் மையத்தை, இறந்த உடலை, மாடியில் குளிப்பாட்டட்டுமா என்று பாய் கேட்டபோது அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "பாய், மேல ஊத்துற தண்ணி எங்க சாமி ரூமு பக்கமாத்தான் எறங்குது. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா. கேட்டேன், அவ்ளோதான்" என்றார் பாய்.

அவர்கள் வழக்கத்தில் வீட்டிலேயே குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, பிறகுதான் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோவது. பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும், மறைவு வேண்டும். பாய் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டைக் கேட்டார். ஒரு கம்பெனி ஷெட்டைக் கேட்டார். கடைசியில் தன் கடையைத் தன்னிடமே கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. நானும் டீக்கடைக்காரரும் சேர்ந்து இருபத்துமூன்று மோட்டார்களைத் தெருவுக்கு இறக்கினோம். எண்ணெய்த் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருந்த மகளும் இன்னும் இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். ஷட்டரை ஒரு சாண் விட்டு இறக்கினோம்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு சாண் இடைவெளியில் தண்ணீர் வெளியே வந்தது. கற்பூர வாசனையோடு, இலந்தை இலைத் துணுக்குகளோடு, வாசற்படி இறங்கித் தெருவுக்கு ஓடியது. ஷிப்டு விடும் நேரம்; சைக்கிளும் வண்டியும் போய்க்கொண்டிருந்தன. பாய் ஒரு பழைய சிமெண்டுச் சாக்கில் மணல் அள்ளிவந்து, குந்தி உட்கார்ந்து, கையாலேயே கரை கட்டினார். தண்ணீர் பள்ளத்துப் பக்கம் திரும்பியது. வருகிறவர்களிடம், "கொஞ்சம் அந்தப் பக்கமா போறீங்களா? தொந்தரவு இல்லியே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"அவ மேல ஊத்தின தண்ணி சார். யார் கால்லயும் படக்கூடாது" என்று என்னிடம் சொன்னார்.

நாற்பதாம் நாள் கழிந்து என்னிடம் வந்தார். சொந்தமாக வீடு கட்ட வேண்டுமென்று அவரும் மனைவியும் சேர்ந்து வாங்கிப் போட்டிருந்த மனை ஒன்று இருந்தது. நகரின் கடைசி வரிசை. ஓரத்தில் ஒரு இலந்தை மரம். சுற்றுவட்டாரத்தில் எந்த முஸ்லிம் வீட்டில் சாவு விழுந்தாலும் மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் போடுவதற்கு அந்த மரத்து இலைதான் போகும். முள் பக்கத்து மனையில் விழுகிறதே, மரம் இருக்கட்டுமா என்று வருடா வருடம் பக்கத்து மனைக்காரரைப் போய்க் கேட்டுவிட்டு வருவார்.

"எனக்கு ஊடு இன்னாத்துக்கு சார் இனிமே? நம்ம ஜனங்களுக்கு ஒரு ரூமு வேணும். கதவு இருக்கிற ரூமு. அவ்ளோதான்" என்றார்.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தது இதற்காகத்தான்.

"என்கிட்ட கேட்டது இருக்கட்டும். மத்த வீட்டுக்கெல்லாம் போகாதீங்க. போனாலும் பின்னாடி ரூம் பத்திச் சொல்லாதீங்க" என்றேன்.

"மறைச்சி வச்சிக்கினு கேட்டா அது கேட்டதாவுமா சார்?"

என் மனைவிகூடச் சொல்லிப் பார்த்தாள். "பாய், எங்க மச்சினரு மூணு மாடி கட்டி எங்க வெயிலயே மறைச்சுட்டாரு. ஒரு வார்த்த கேக்கல. நீங்க மட்டும் இன்னாத்துக்கு அலையறீங்க?"

"அவரு கட்டலாம்மா. நான் கேட்டுக்கினு கட்டுறது நல்லதும்மா" என்றார்.

அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா வீட்டுக்கும் போய் வந்தார். இருபத்தொன்பது வீட்டில், "கட்டுங்க பாய், எங்கள எதுக்குக் கேக்கறீங்க?" என்றார்கள். நாலு வீட்டில், வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்றார்கள். தலைவர், "எல்லாரும் சரின்னா எனக்கு இன்னா பாய்" என்றார். பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. தை பிறந்ததும் வேலை ஆரம்பித்தது. எட்டுத் தூண்கள். ஒவ்வொன்றும் நெஞ்சளவு எழும்பியது.

பேச்சு எங்கே எப்போது திரும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்டவரையில் டீக்கடையில்தான். பால் வாங்க நின்றபோது ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "நம்மள வந்து கேக்கிறாருன்னா, நம்ம கையில ஏதோ இருக்குதுன்னுதானே அர்த்தம்? இல்லன்னா எவன் வந்து கேப்பான்?"

கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அது புதிய செய்தியாக இருந்தது. இருவருமே முன்பு கட்டுங்க என்று சொன்னவர்கள்.

அதன்பிறகு எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு அதுவாகவே இருந்தது. வண்டி நிறுத்த இடமிருக்காது. மைக் வைப்பார்கள். மனை விலை விழும். எங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். முதலில் அது கூடம் என்று எழுதப்பட்டது, பிறகு மசூதி, பிறகு ஒரே பெயர் நிலைத்துவிட்டது: பொண ரூம்.

மாசியில் தலைவர் வீட்டு மொட்டைமாடியில் சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி நாற்பது. வந்தவர்கள் ஐம்பத்தாறு பேர். பாய் நின்றுகொண்டிருந்தார்.

தலைவர் அன்பாகத்தான் பேசினார். "இன்னா பாய், உன் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடயாது. உன்ன மாதிரி ஆளு கெடைக்குமா? ஆனா பொணம் கழுவுற எடம் ஊடு வாசல் இருக்கிற எடத்துல வாணாம். பொம்பளைங்க, கொழந்தைங்க பயப்படுது."

"கதவு வச்சி, தண்ணிய மூடின கால்வாயில வுட்டுடறேன் நைனா. வெளியவே தெரியாது. செரியா?"

"இன்னிக்கு கூடம்பாங்க, நாளைக்கு மேல கோபுரம் வரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மைக்கு வெக்க மாட்டேன். எழுதித் தரட்டுமா?"

நான் எழுந்தேன். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. எழுந்தால் காது அடைக்கும். ஆனாலும் சொன்னேன். இந்த நகர் உண்டானதிலிருந்து பதினொரு சாவு விழுந்திருக்கிறது. பதினொன்றுக்கும் தெருவை அடைத்துப் பந்தல் போட்டோம். பதினொரு உடலையும் தெருவில் பெஞ்சு போட்டு, எல்லோரும் பார்க்கத்தான் குளிப்பாட்டினோம். மேளம், வெடி, வழியெல்லாம் பூ. என் அம்மாவையும் அப்படித்தான். எந்த வீட்டுக்காரரும் யாரையும் கேட்டதில்லை. எந்தக் குழந்தையும் பயந்ததாக நான் அறியவில்லை.

தலைவர் சொன்னார்: "அது நம்ம வழக்கம் சார்."

"அதானே" என்று நாலைந்து குரல்கள்.

பாய் என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். "சார், உங்களுக்கு மூச்சு வாங்குது. தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மனுநாளில் மனு போனது. அதில் முப்பது வீட்டுக் கையெழுத்து. அடுத்த வாரம் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். அதிகாரி காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பாயிடம் கேட்டார்.

"பட்டா இருக்கு. வரைபட அனுமதி இருக்கு. தொழுகைக்கு இல்ல, கூடம்தான்னு சொல்றீங்க. எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் யாரு உங்கள வீடு வீடா போய்க் கேக்கச் சொன்னது?"

"அக்கம்பக்கம் சார். ஒரு வார்த்த கேட்டுக்கினா..."

"கேட்டீங்க. அவங்க வேணாம்னுட்டாங்க. கேக்காம இருந்திருந்தா இது ஒரு கட்டடம். கேட்டதுனால இப்ப இது சட்டம் ஒழுங்கு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

மறு உத்தரவு வரும்வரை வேலையை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் பாய் என்னிடம், "அவரு சொல்றதும் ஞாயம்தானே சார்?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பஸ் ஏறும்வரை அவரோடு பேசவில்லை.

சித்திரை மாதம் ஒரு காலை மனைப்பக்கம் நடக்கப் போனேன். இலந்தை மரம் விழுந்து கிடந்தது. முழங்கால் உயரத்தில் அறுத்திருந்தார்கள். மரத்தூள் இன்னும் ஈரமாக இருந்தது. தூண்கள் இருக்கும் வரிசைக்கு எதிரே, மின்கம்பத்தில், பொண ரூம் வேண்டாம் என்று ஒரு பேனர். பாய்க்குச் சொல்லியனுப்பினேன். வந்து பார்த்தார். அடிமரத்தில் கையை வைத்தபடி நின்றார்.

"போலீஸ்ல ஒரு புகார் கொடுங்க" என்றேன்.

"யாருன்னு தெரியாம யாரச் சொல்றது சார்?" என்றார். பிறகு, "என்ன கேட்டிருந்தா நானே வெட்டிக் குடுத்திருப்பேன்" என்றார். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே வெட்டிக் கொடுத்திருப்பார். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மகள் மீஞ்சூரிலிருந்து வந்து அப்பாவோடு சண்டை போட்டாள். நடுவில் என்னையும் கூப்பிட்டுவைத்துக்கொண்டாள். கோர்ட்டுக்குப் போனால் ஒரே மாதத்தில் ஆர்டர் வாங்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம்.

"வாங்கலாம்மா. கட்டடம் வந்துடும். அப்புறம் பக்கத்து ஊட்டுக்காரன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்றார் பாய்.

"அவங்க உங்க மூஞ்சியப் பாத்துக்கினுதானே வாப்பா கையெழுத்துப் போட்டாங்க? மரத்த வெட்டினாங்க?"

"இன்னும் ஒரு தரம் கேட்டுப் பாக்கறேன்மா."

"எத்தினி தரம்? அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. நம்ம எடத்துல நாம கட்டுறதுக்கு எத்தினி தரம் வாப்பா கேப்பாரு?"

நான் பிறந்தது திருவள்ளூர். இன்றைக்கும் அமாவாசை தவறாமல் முதல் வண்டி பிடித்து, அங்கே கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருகிறேன். கூட்டம் தெருவை அடைக்கும். கடைக்காரர்கள் பாதி வழியைப் பிடித்துக்கொள்வார்கள். குளத்துத் தண்ணீர் பிசுபிசுத்துப் போகும். எழுபத்துநான்கு வயதுவரை, அந்தக் குளத்தைச் சுற்றிக் குடியிருக்கிறவர்களிடம் உங்களுக்குத் தொந்தரவு இல்லையே என்று கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே கிடையாது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் இருந்தது இதுதான். அவள் அப்பாவுக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். தீபாவளிக்கு வீடுகளுக்கு வாழ்த்துச் சொல்லப் போகும்போது கேட்டார். மோட்டார் வாங்க வருகிறவர்களிடம் கேட்டார். தலைவரை மாதம் ஒரு முறையாவது கேட்டார். "பாக்கலாம் பாய், கொஞ்சம் சூடு ஆறட்டும்" என்பார் தலைவர். யாரும் அவரிடம் கடுமையாகப் பேசியதில்லை. அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. மோட்டார்கள் எப்போதும்போல அவரிடம்தான் போயின. தூண்களின் கம்பிகள் துருப்பிடித்து, மழைக்கு மழை சிவப்பாக ஒழுகின. கட்டுவதற்காகக் கொட்டிய மணல் குவியலில் புல் முளைத்தது. லைன் வீட்டில் ஒரு வயதான அம்மா இறந்தபோது, மறுபடியும் கடையின் மோட்டார்களை வெளியே இறக்கினோம். இந்த முறை முப்பத்தொன்று.

"நீங்க ஏன் பாய் இப்படி?" என்று ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "கேக்காம ஒரு நாள் கூட இருந்து பாத்ததில்ல சார். எங்க ஜனத்துல நெறய பேரு அப்படித்தான். கேட்டுக்கினு இருந்தா பொழுது ஒழுங்கா போவும்."

அடுத்த வைகாசி. கத்திரி வெயில் முடியவில்லை. காலை பதினொரு மணிக்குக் கடை நாற்காலியில், மடியில் பாதி கட்டிய காயிலோடு, பாயின் தலை சாய்ந்துவிட்டது. டீ கொண்டுபோனவர்தான் பார்த்தார்.

மகள் வந்து இறங்கியபோது அழவில்லை. யார் வீட்டையும், எந்த மண்டபத்தையும் கேட்கவில்லை. வாடகைக்குச் சாமியானா கொடுக்கிறவரைப் போனில் கூப்பிட்டு, எட்டுத் தூணையும் சுற்றி ஆளுயரத்துக்கு மறைப்புக் கட்டச் சொன்னாள். ஒரு பெஞ்சு கொண்டுவரச் சொன்னாள். தண்ணீர் லாரிக்குச் சொன்னாள். இந்தப் பக்கம் தண்ணீர் லாரி என்றால் தலைவருடைய லாரிதான். பாயை அவருடைய மனைக்குக் கொண்டுபோனோம். மருமகனும் பள்ளிவாசலிலிருந்து வந்த மூன்று பேரும் மறைப்புக்குள் போனார்கள்.

நகர் முழுக்க வந்துவிட்டது. மாலை வாங்கி வந்தவர்களே பத்தொன்பது பேர். வீட்டுக்கார அம்மா தெருவில் உட்கார்ந்து அழுதார். மனுவில் கையெழுத்திட்டவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் பொய் இல்லை. "கேக்காம ஒரு துரும்பக் கூட எடுக்க மாட்டாரு" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள்.

லாரியோடு தலைவரும் வந்தார். மகள் அப்போது இலந்தையின் அடிமரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். அறுத்த இடத்திலிருந்து குச்சி குச்சியாகத் துளிர் கிளம்பியிருந்தது. முள் விரலைக் கீறக் கீற இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னார்: "இன்னாம்மா நீ. எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்களே எல்லாம் ஏற்பாடு பண்ணிக் குடுத்திருப்போமே."

அவள் திரும்பவில்லை. "எங்க வாப்பா பத்தொம்பது மாசம் கேட்டாருண்ணே" என்றாள்.

அவர் நின்றார். பிறகு, "தண்ணிக்குக் காசு வாணாம்மா" என்றார்.

"எவ்ளோண்ணே?"

"வாணாம்மா, பாய்க்கு நான்..."

"எவ்ளோ?"

"தொள்ளாயிரம்" என்றார்.

அவள் தன் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து எடுத்துவைத்திருந்த பணத்தைப் பிரித்து, எண்ணி, அவர் கையில் வைத்தாள். அவர் அதை மடிக்கவும் இல்லை, பையில் வைக்கவும் இல்லை.

மறைப்புத் துணியின் அடியிலிருந்து தண்ணீர் வெளியே வந்தது. கற்பூர வாசனை. துணுக்குத் துணுக்காக இலை. மனைச் சரிவில் இறங்கி, மாலையும் கையுமாக நின்றவர்களின் கால்களை நோக்கி வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தார்கள். அங்கே கரை கட்ட யாரும் இல்லை. நான் மணல் குவியலிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி வந்து, குந்தி உட்கார்ந்து, அணை போட்டேன். பதினாலு தடவை அள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் அடிமரத்துப் பக்கம் திரும்பி மண்ணுக்குள் போயிற்று.

ஜனாஸா பள்ளிவாசலுக்குப் போன பிறகு சாமியானாக்காரர் கழிகளைப் பிடுங்கினார். மறைப்புத் துணிக்கும் கழிக்கும் வாடகை ஆயிரத்து நானூறு. பெஞ்சுக்கு நூற்றைம்பது. அதையும் மகள் அந்தச் சட்டைப்பைப் பணத்திலிருந்தே கொடுத்தாள். பேனர் மின்கம்பத்தில்தான் இருந்தது. கதவில்லாமல், கூரையில்லாமல், ஐம்பது நிமிடத்துக்கு, அந்த அறைக்குக் கடைசியில் அவருக்கு ஆன செலவு இரண்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.